பொத்தான், பொத்தான், பொத்தான்

தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கையில்
தேவகோட்டையிலிருந்து ஒரு போன்.
"மணகோலம் கால் கிலோ கேட்டேன்.
அதிரசம் பன்னிரண்டு கிலோ வந்திருக்கு.
நான் ஒத்தை ஆள், தம்பி."

அமலோற்பவம்.
கூட்டுறவு வங்கியில் தொலைபேசி இயக்குநர்.
பிறவியிலேயே பார்வை இல்லை.
இதை ஐந்தாவது வாக்கியத்தில்தான் சொன்னார்,
பின்கோடு சொல்வதுபோல.

தளம் நான் செய்தது.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து
உமையாள் பலகாரக் கடைக்காக
ஒன்றரை மாதம் இழைத்தது.
முப்பத்தொரு படம், பக்கவாட்டு வெளிச்சம்,
வெள்ளையின் மேல் வெளிர்சாம்பலில் விலை.
பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.
பார்த்தவர்கள்.

"உங்க பக்கம் என்ன பேசுதுன்னு கேளுங்க" என்று
ஒரு போனை இன்னொரு போனருகே பிடித்தார்.
மூச்சே விடாத ஒரு பெண்குரல்:
பொத்தான். பொத்தான்.
படம் நான்கு நான்கு ஏழு ஒன்று.
பொத்தான். இணைப்பு. பொத்தான்.
"இதுல எது தம்பி மணகோலம்?"

எனக்கும் தெரியவில்லை.

"கடைசியில, நான் எந்திரம் இல்லேன்னு நிரூபிக்கச் சொல்லுது.
சிக்னல் விளக்கு எந்தக் கட்டத்துல இருக்குன்னு கேக்குது.
அதிரசத்துக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம்?
கேஷியர் பையன்தான் தட்டிக் கொடுத்தான்.
நான் மனுஷின்னு அவன் சாட்சி."

உமையாளிடம் சொன்னேன்.
"கண்ணு தெரியாதவங்க நம்மகிட்ட எத்தனை பேர் வாங்குறாங்க?"
"ஒருத்தர்."
"அப்புறம் என்ன?"
"வாசல் தாண்டி வர முடிஞ்சவங்க ஒருத்தர்."
அதிரசப் பணத்தைத் திருப்பச் சொன்னார்.
மற்றதற்கு வாய் திறக்கவில்லை.

அன்றிரவு திரையை அணைத்தேன்.
மௌஸைப் பிடுங்கி டிராயரில் போட்டேன்.
காதில் அந்தக் குரல், விரலில் டேப் கீ.

இந்தப் பக்கத்து வீடுகளில்
முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவு தெரியும்.
நடுவில் எத்தனை கட்டு இருந்தாலும்
கதவுக்கு நேர் கதவு.
என் பக்கத்தில்
கதவைத் தட்டினேன், கூரையில் நின்றேன்.
இன்னொரு தட்டு, கிணற்றுக்குள்.
நாற்பத்து மூன்று முறை தட்டியும்
கூடையைத் தொட முடியவில்லை.
மூன்று வினாடிக்கு ஒருமுறை மாறும் படங்கள்
என்னைத் தெருவுக்கே இழுத்துப் போட்டன.

இரண்டு மணிக்குத் தோற்றுப்போய்த் திரையைப் போட்டேன்.
போட முடிகிறது எனக்கு.

மறுநாள் முதல் வேலை, பெயர் வைப்பது.
நான்கு நான்கு ஏழு ஒன்றுக்கு
"அழகிய பலகாரம்" என்று எழுதி அழித்தேன்.
பிறகு:
மணகோலம். விரல்நீளத்தில் ஒடித்தது,
வெல்லப்பாகு பூசியது,
இடையிடையே தேங்காய்ப்பல், பொட்டுக்கடலை.
எழுதி முடித்ததும் பசித்தது.
இத்தனை நாள் அந்தப் படத்தை
நானும் பார்த்திருக்கவில்லை.

சாம்பல் கறுப்பானது.
உமையாள் மூக்குக்கண்ணாடியைத் தேடாமல்
விலைகளை வரிசையாகப் படித்தார்.
சீப்புச் சீடைக்கு ரெண்டு ரூபாய்
குறைச்சுப் போட்டிருக்கே என்றார்.
அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம்
மறுபடி தேவகோட்டை.
நன்றி வருமென்று நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"மணகோலம் வந்துச்சு. நானே வாங்கினேன், சாட்சி இல்லாம.
பாகு கொஞ்சம் முத்திப்போச்சு,
அதை அவங்ககிட்ட சொல்லுங்க.
உங்ககிட்ட வேற ஒண்ணு.
தள்ளுபடின்னு ஒரு பெட்டி குறுக்க வந்து நிக்குதே,
அதை மூடுற இடத்துல
'பெருக்கல்'னு வாசிக்குது.
எதைத் தம்பி பெருக்க? வீட்டையா?"

பேனாவைத் தேடினேன்.

"மூடுன்னு எழுதுங்க.
ரெண்டே எழுத்து."