ஆறு புள்ளி ஐந்து

புன்டா அரீனாஸில் காற்று வெறிகொள்ளும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
வங்கி மேலாளரும் ரொட்டிக் கடைக்காரியும்
ஒரே கயிற்றைப் பிடித்துத்தான் முனை திரும்ப வேண்டும்.
யாரும் இதில் வெட்கப்படுவதில்லை.

பள்ளிக்குள் கயிறு இல்லை.

இன்று படிவம் வந்திருக்கிறது:
பள்ளியின் சூழல் எப்படி இருக்கிறது?
ஒன்றிலிருந்து ஏழுக்குள் மதிப்பெண் இடுக.
பிள்ளைகளுக்கு நாங்கள் போடும் அதே ஏழு,
புள்ளி வைத்துக் குறைக்கும் அதே கஞ்சத்தனம்.
பெயர் எழுத வேண்டாம் என்கிறது மேல்வரி.
கீழோரம் பொடி எழுத்தில் ஓர் எண்.
என்னுடையது 0031.
ஆசிரியர்கள் நாங்கள் முப்பத்து நான்கு பேர்.
எண்ணத் தெரியாதவளா நான்,
கணக்கு டீச்சர்.

நெவென்காவுக்கு முதுகுவலி.
மூன்றாவது மாதமாக முதுகுவலி.
சான்றிதழில் அப்படி எழுதியிருக்காது என்பது
சான்றிதழைப் பார்க்காத எல்லோருக்கும் தெரியும்.
அவள் கோப்பையை யாரோ தினமும்
கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள்,
குடிக்காத கோப்பையை.

அவளுடைய எட்டாம் வகுப்பு இப்போது யெர்கோவின் தலையில்.
அவனுடையதும் அவன் தலையில்.
ஒரு மாணவியின் அப்பா
இரவு பதினொன்றரைக்குக் குரல்செய்தி அனுப்புகிறார்,
நாலு நிமிஷம் ஐம்பது விநாடி.
"முழுசாகக் கேட்டுவிட்டேன்" என்றான் என்னிடம்,
ஏதோ மலை ஏறி இறங்கியவன் மாதிரி.

மூன்றாம் பீரியடில் நகலறைக்குப் போனேன்.
இயந்திரத்தின் மூடி திறந்தே கிடந்தது.
பச்சை வெளிச்சம் ஓடி ஓடி
அவன் முகத்தின்மேல் போய்வந்தது.
கண்ணாடியில் தாள் எதுவும் இல்லை.
சத்தம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.
தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக
விழுந்துகொண்டிருந்தன கறுத்த பக்கங்கள்.

"டோனர் தீர்ந்துவிடும்" என்றேன்.
இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை
இருபத்திரண்டு வருஷத்தில் நான் பேசியதில்லை.
சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாகியது.
அந்த நேரம் பார்த்து இயந்திரம் நின்றது.
ஓசையின்றி அழ அவனுக்கு இன்னும் பழகவில்லை,
எங்களில் சிலருக்குப் பழகிவிட்டது போல.
ஐம்பது என்று தட்டிப் பொத்தானை அழுத்தினேன்.
ஐம்பதும் முடியும்வரை
கதவில் முதுகைச் சாத்தி நின்றேன்.
வெளியே யாரோ கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டு
மெதுவாக நடந்து போனார்கள். அவர்கள் காலடி
எனக்குத் தெரிந்த காலடி.

காலையில் நான் போட்டிருந்தது ஆறு புள்ளி ஐந்து.
மாலையில் அதை அடிக்கவில்லை, திருத்தவில்லை.
கறுத்த பக்கம் ஒன்றைப் படிவத்துக்குள் மடித்துப்
பெட்டியில் போட்டேன்.
எண்ணையும் கிழிக்கவில்லை.