மூன்றுதரம்

லிங்கராஜபுரத்தில் அறுப்பின் பண்டிகை.
வயல் யாருக்கும் இல்லை.
ஆனாலும் பீடத்தின் முன்னால் கரும்பு சாய்ந்து நிற்கிறது,
கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய நெற்கதிர்,
முட்டையில்லாத கேக் இரண்டு,
கால் கட்டிய சேவல் ஒன்று.
இத்தனைக்கும் நடுவே
உண்மையில் விளைந்தது ஒன்றுதான்:
பிரகாசியின் பூசணிக்காய்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல்
டிஷ் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு ஏறிய கொடி.

நான் சபைப் பொருளாளர்.
மடியில் ரசீதுப் புத்தகம், கார்பன் தாள்.
வாரநாளில் பிறருடைய வரிக்கணக்கு எழுதுகிறேன்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே,
அதற்குக் கட்டணம் வாங்குகிறவன்.

"ஐநூறு" என்று தொடங்கினார் மைக்கில் நேசகுமார்.
இரண்டாயிரம். ஏழாயிரம்.
பிறகு உட்கார்ந்தபடியே சொர்ணராஜ்:
"நாற்பதாயிரம்."

மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

எல்ரோயி மேன்பவர், உரிமையாளர் சொர்ணராஜ்.
எல்ரோயி என்றால் என்னைக் காண்கிறவர்.
பிரகாசி அவர் ஆள்தான்.
டெக் பார்க்கில் நான்கு மாடிக் கழிப்பறைகள்.
சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் மாதம் ஆயிரத்து எண்ணூறு.
பிடித்தது இருபத்திரண்டு மாதம்.
கட்டியது
ஒரு மாதமும் இல்லை.
எனக்குத் தெரியும். அந்த ஏட்டை எழுதுகிறவன் நான்.
முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு.
ஆக, கர்த்தருக்கு அன்றைக்கு லாபம்
நானூறு ரூபாய்.

ஒருதரம்.
இரண்டுதரம்.
சேவல் கூவியது.
மூன்றுதரம்.

கைதட்டினார்கள். பிரகாசியும் தட்டினாள்,
தன் காய்க்கு இவ்வளவு விலையா என்று வாய்பொத்திச் சிரித்து.
சொர்ணராஜ் அதைத் தூக்கி அவள் கையிலேயே கொடுத்தார்:
"நீங்களே வெச்சுக்கங்கம்மா."
இன்னொரு கைதட்டல்.

தசமபாகம் பற்றி மூன்று ஞாயிறு பிரசங்கம் கேட்டோம்.
பிடித்தம் பற்றி ஒரு ஞாயிறும் கேட்கவில்லை.
வரி என்றதும் சபையில் எல்லோருக்கும் இராயன் ஞாபகம் வருகிறான்.
காசைக் காட்டு என்று கேட்டவரின் கையில்
அன்றைக்குக் காசு இல்லை என்பது
ஏனோ எனக்கு மட்டும் வருகிறது.
காட்டத்தி மரத்திலிருந்து இறங்கிய அந்தக் குள்ளனும் வருகிறான்.
அவன் ஏலம் எடுக்கவில்லை.
யார் யாரிடம் எவ்வளவு என்று
பெயர் பெயராக நினைத்துப் பார்த்திருப்பான்.
நாலு மடங்கு என்றால்
முதலில் ஒரு மடங்கு தெரிய வேண்டுமே.

"எண்பது ஜி ரசீது," என்றார் சொர்ணராஜ் குனிந்து.
"நன்கொடைன்னு போடுங்க. பூசணின்னு வேணாம்."

எழுதினேன்:
பெறப்பட்டது, சொர்ணராஜிடமிருந்து, ரூபாய் நானூறு.
அடுத்த வரி:
பெறப்பட்டது, பிரகாசியிடமிருந்து,
ரூபாய் முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு,
இருபத்திரண்டு தவணையில்.

பேனா நின்றது.
மகளின் கடைசி செமஸ்டர் கட்டணம்.
மார்ச் மாதம் அவர் தரும் கவர்.
அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் மடித்தேன்.
அவர் கேட்டபடி வேறொன்று எழுதிக் கொடுத்தேன்.

வாசலில் பிரகாசி
யாரிடமோ கத்தி வாங்கி அறுத்துக்கொண்டிருந்தாள்.
ஆளுக்கொரு கீற்று.
"கணக்கு எழுதறவங்களுக்குப் பெருசா," என்று
பேப்பரில் சுற்றி நீட்டினாள்.
அவள் விரல்களில் பிளீச்சிங் பவுடர் வாசம்.

இரவு. புத்தகத்தைத் திறந்தால்
கார்பன் நகல் அங்கேயே இருக்கிறது, நீலமாக.
நானூறு. முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. இரண்டு பெயர்.
மேலே அச்சிட்ட வரிசை எண்.
கிழித்தால் எண் விடுபடும்.
தணிக்கையில் கேட்பார்கள்.
கிழிக்காவிட்டாலும் கேட்பார்கள்.

உள்ளே பூசணி வேகிற வாசனை.
சாப்பிட வரச் சொல்கிறாள் மனைவி.
சோற்றைத் தனியாக வை
என்றேன்.