பதிமூன்று கால்கள்

சதுர அடிக்கு முப்பத்தெட்டு ரூபாய்.
தாளில் இருந்தது இவ்வளவுதான்:
உள்ளூர்க் கதை, உள்ளூர் நிலம், மகிழ்ச்சியான நிறங்கள்.
எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பின்னால்
அங்கன்வாடியின் தெற்குச் சுவர்.
வெயில் நேராக வந்து அறையும்.

அதுவரை நான் வரைந்தவை
தண்ணி லாரியின் முதுகு, பல் டாக்டருக்கு ஒரு பல்,
கட்சிக்காரர் மாடியில் சிங்கம்.
கதை கேட்டு எங்கும் போனதில்லை.

சத்துமாவு அளந்துகொண்டே சொன்னார் சம்பூர்ணம்:
"ஏழு பொண்ணுங்க. கடலுக்குள்ளேருந்து நடந்தே வந்தாங்க.
ஆறு குறுக்க வந்துச்சி.
வந்த எடத்துலயே நின்னுட்டாங்க."
ஏன் நடந்தார்கள் என்றேன்.
"படகு வாங்க காசு இருந்திருக்காது" என்றார்,
சிரிக்காமல்.

நீலம் இரண்டு டப்பா வாங்கியிருந்தேன்.
ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு
ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
சாம்பல் நிறம் கடையில் இல்லை.
இந்தப் பக்கம் யாரும் அதைக்
காசு கொடுத்து வாங்குவதில்லையாம்.

ஆறு நாள், ஏழு முகங்கள்.
மூக்குத்திக்குத் தனித்தனிக் கல்.
ஒருத்தியின் கண்ணில் கரை தெரிய வேண்டுமென்று
ஒரு மதியம் முழுக்க ஏணியில் நின்றேன்.
பின்னால் அலையாத்தி, இரண்டு நாரை,
மூன்று புகைபோக்கிகள்.
மேற்பார்வைக்கு வந்தவர்
புகைபோக்கிகளை மட்டும் அழிக்கச் சொன்னார்.
மேகமாக்கினேன்.
அவர் முதுகுக்குப் பின்னால் நிஜமானவை
தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமை கதவு திறந்தது.
பதினெட்டுப் பிள்ளைகள்.
ஒருவரும் முகங்களைப் பார்க்கவில்லை.

மூன்றடிக்கு மேல் உள்ளதெல்லாம்
அவர்களுக்கு வானம்.
அவர்கள் உயரத்தில் இருந்தவை
அவசரமாக முடித்த நாலு நண்டு,
சேற்றுக்கு இழுத்த பழுப்பு,
கொலுசுக் கால்கள்.

உடனே பங்கு பிரித்துக்கொண்டார்கள்.
இது எங்கம்மா காலு.
இது டெய்சி டீச்சர் காலு, வெடிப்பு கீது பாரு.
(வெடிப்பு, தூரிகை உதிர்த்த மயிர்.)
பிறகு எண்ணினார்கள், கத்தி,
எட்டுக்கு அப்புறம் பத்து,
திரும்பவும் ஒன்றிலிருந்து.
நிலவழகன் மட்டும் சரியாக எண்ணி முடித்து
என் துப்பட்டாவை இழுத்தான்:
"யக்கா, பதிமூணுதான் கீது."

பதிமூன்றுதான்.
மாடியிலிருந்து மழைநீர்க் குழாய் இறங்கும் ஓரத்தில்
ஏழாவது பெண்.
குழாயோடு இடம் தீர்ந்துபோனது.
யார் எண்ணப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
யாமினி சொன்னாள்:
"மறக்கல. அது சேத்துல மாட்டிகினுது.
எங்கப்பாவுக்கும் அப்டிதான்.
எறா தடவ சொல்ல ஒரு காலு உள்ள பூடும்.
மெதுவா உருவணும்.
வேகமா இழுத்தா சேறு வெச்சிக்கும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள்,
இது கூடத் தெரியாதா என்பது போல.
அவர்கள் ஏன் அங்கேயே நின்றுவிட்டார்கள் என்று
அப்போதுதான் எனக்கு விளங்கியது.
ஆறு பேர் காத்திருக்கிறார்கள்.

டப்பாவில் பழுப்பு மிச்சமிருந்தது.
குழாயடியில் இன்னும் கொஞ்சம் சேறு சேர்த்தேன்.
காலை வரையவில்லை.
பில்லில் குழாயின் அகலத்தைக் கழித்துக்கொண்டார்கள்:
நூற்றுப் பதினாலு ரூபாய்.

பாக்கிப் பணத்துக்கு ஐப்பசியில் மறுபடி போனேன்.
மழை ஓய்ந்திருந்தது.
மேகத்துக்குள்ளிருந்து ஒரு புகைபோக்கி
லேசாகத் தெரியத் தொடங்கியிருந்தது.
மேலே மூக்குத்திகள் வைத்தது வைத்தபடி.
கீழே பிள்ளைகளின் கை பட்டுப் பட்டுக்
கொலுசுகள் போய்விட்டன, நண்டுக்குக் கொடுக்கில்லை.

குழாயின் வாயருகே யாரோ
ஒரு செருப்பு வைத்திருந்தார்கள்.
சின்னது, ரப்பர், அறுந்த வாரில் ஊக்கு.
உருவியதும் போட்டுக்கொள்ள.

மறைந்திருப்பது வலது கால்.
செருப்பு இடது.
உள்ளேயிருந்து மணியடித்து
வெளியே ஓடிவந்தவர்களில்
பாதிப் பேர்
மாற்றித்தான் போட்டிருந்தார்கள்.