கிழித்த கோடு

படத்தில் அது பதினொரு நொடி.
ஒருத்தி கடிதத்தைக் கிழிக்கிறாள், அவ்வளவே.
அவள் முகத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள்,
கிழிசலை எனக்கு.

வூச் நகரத்துப் பழைய பஞ்சாலை, மூன்றாம் மாடி.
தறிகள் அதிர்ந்த தரையில் இப்போது எங்கள் கணினிகள்.
ஜன்னலுக்கு வெளியே டிராம் கம்பியில் பனி.

முதலில் ஒரு நேர்கோடு கிழித்தேன்.
அதன் நடுவைப் பிடித்துக்
கொஞ்சம் மேலே தள்ளு, இல்லை கீழே;
எவ்வளவு என்பதைப் பகடை சொல்லும்.
இப்போது இரண்டு கோடு. இரண்டின் நடுவையும் தள்ளு,
முன்னைவிடப் பாதியளவு.
நான்கு. எட்டு. பதினாறு.
எட்டாம் சுற்றில் இருநூற்று ஐம்பத்தாறு துண்டு,
ஒவ்வொன்றும் கசகசாவைவிடச் சிறியது.

ரதோமிரா வந்து பார்த்தாள், கையில் பாதி தின்ற ஆப்பிள்.
"போக்னா, இது மலைத்தொடர்.
பனிச்சறுக்குக்குப் போகலாம். காகிதம் எங்கே?"

பாதியாகக் குறைப்பதை விட்டு வேறு விகிதங்கள் பார்த்தேன்.
கூட்டினால் ரம்பம்,
குறைத்தால் வெண்ணெய்க் கத்தி.
பிறகு அலைமேல் அலையாக அடுக்கினேன்:
நீண்ட அலை மணிக்கட்டுக்கு,
குட்டை அலை விரலுக்கு,
எல்லாவற்றிலும் குட்டையானது கோபத்துக்கு.
"இது கடற்கரை," என்றாள்.

நாலு நாளாக என்னதான் கிழித்தாய் என்று
அவள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அன்று மாலை உண்மையாகவே கிழித்தேன்.
பீட்சா விளம்பரம். டிராம் சீட்டு. நாள்காட்டியில் முழு நவம்பர்.
கைப்பையில் அகப்பட்ட மின்கட்டண பில்.
ஸெனோன் ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் கிடத்தி
பிணப் பரிசோதகன் மாதிரி
பேச்சில்லாமல் உருப்பெருக்கினான்.

காகிதத்துக்கு ஒரு போக்கு இருக்கிறது.
நார் ஓடும் திசையில் கிழித்தால் சொன்னபடி கேட்கிறது,
குறுக்கே கிழித்தால் தன் பாட்டுக்குப் போய்விடுகிறது.
இன்னொன்று, கிழிசல் ஒரு கோடே இல்லை.
அச்சேறிய மேல்தோல் ஓரிடத்தில் விடுகிறது,
உள்ளுடம்பு சற்றுத் தள்ளி.
இடையில் அந்த வெள்ளை உதடு.

ஆக, இரண்டு வளைவுகள்.
ஒரே விதையெண்ணிலிருந்து முளைத்தவை,
ஒன்றையொன்று முழுக்க நம்பாமல்
கொஞ்சம் விலகி நடப்பவை.
இடையை வெள்ளையால் நிரப்பினேன்.
ஓரத்தில் நார்கள் நட்டேன், சாய்வாக,
சிலதை மட்டும் வளைத்து.
விதையெண் 90417. எத்தனை முறை ஓட்டினாலும்
கடிதம் அதே இடத்தில் அதே மாதிரி கிழியும்.

ரதோமிரா ஆப்பிளைக் கீழே வைத்தாள்.

ஸெனோன் கேட்டான்: "திரும்பச் சேர்க்க முடியுமா?"
தள்ளும் அளவைப் பூஜ்ஜியம் ஆக்கினேன்.
மலையும் கடலும் அடங்கி நேர்கோடு ஆயின.
ஆனால் கோடு போகவில்லை.
அப்போதுதான் உறைத்தது,
என் நிரலில் முழுக் கடிதம் என்று ஒன்று இருந்ததே இல்லை.
இரண்டு பாதிகளாகவே பிறந்தது.
கிழியும் கணம்வரை
அருகருகே நின்று நடித்தது.
(அதில் எழுதியிருந்தது பீட்ரூட் சூப் செய்முறை,
இடத்தை நிரப்ப யாரோ தட்டியது.)

இரவு, வீட்டில்,
மின்கட்டண பில்லை மேசையில் சேர்த்து டேப் ஒட்டினேன்.
கட்டக் கடைசி நாள் மறுநாள்.
இரண்டு பாதியும் தயங்காமல் பொருந்தின.
தொகையின் நடு எண்ணில் மட்டும்
ஒரு துளி மேல்தோல் காணோம்;
ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம்,
என் ஸ்வெட்டரில் இருக்கலாம்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
எட்டின் வலப்பக்கமா, முழு மூன்றா?

பகடை போடவில்லை.
எட்டு என்றே வைத்துக் கட்டினேன்.
மூன்றாக இருந்தால் திருப்பித் தருவார்கள்,
வசந்தம் வந்தபிறகு,
ஒட்டிய உறையில்.