பதினேழாம் துளை

முனிர்க்கா பக்கம் ஒரு மாணவர் விடுதி.
அதன் இறகுப்பந்துத் திடலுக்கு அடியில்
நாற்பது துளைகள் இருக்கின்றன,
ஒவ்வொன்றும் தொண்ணூறு மீட்டர்.
ஆடுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது.
கறுப்புக் குழாயில் தண்ணீர் இறங்கி
ஆழத்தில் கொண்டை ஊசியாய்த் திரும்பி
மேலே வருகிறது,
எதையாவது கொடுத்துவிட்டு
அல்லது வாங்கிக்கொண்டு.

ஜனவரியில் வாங்கும்.
மூடுபனியில் பேருந்தின் எண் தெரியாத காலைகளில்
கீழிருந்து வரும் இளஞ்சூட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றி
இருநூறு பேர் குளித்துவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள்.
மே மாதம் கொடுக்கும்.
அறைகளின் வெக்கையையெல்லாம் வழித்து
மண்ணுக்குள் கொண்டுபோய்க் கொட்டும்.

விற்க வந்தவர் காட்டிய படத்தில்
இரண்டு அம்புகளும் ஒரே நீளம்.
அவர் தில்லியில் ஒரு வருஷம் இருந்து பார்த்ததில்லை.
குளிர் இங்கே இரண்டரை மாத விருந்தாளி.
வெயில்தான் வீட்டுக்காரன்.

முதல் வருஷம் பதினேழாம் துளையில் 25.6.
என் கையெழுத்துதான்.
நான்காம் வருஷம் 27.4.
இந்த ஏப்ரலில், லூ காற்று வீசத் தொடங்கும் முன்பே,
29.3.
இர்ஷாத் கருவியைத் தட்டிப் பார்த்தான்.
பழுதாக இருக்கும் மேடம் என்றான்.
மாற்றினோம். புதியதும் அதையே சொன்னது.

பொறுமைக்கு நிலத்தைச் சொல்வார்கள்.
சொன்னவர் யாரும் அதன் அக்குளில்
தெர்மாமீட்டர் வைத்ததில்லை.

பக்ஷி சார் கேட்டார்,
இலவசம் என்றுதானே சொன்னீர்கள்?
சொன்னேன்தான்.
ரிப்பன் வெட்டிய அன்று
நானும் அந்த வார்த்தையை நம்பினேன்.
கூட்ட அறையைப் பத்தொன்பதில் வைத்துவிட்டு
சால்வை போர்த்திக்கொண்டு கேட்கிறார்.

ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன்.
அறைகளுக்கு இருபத்தாறு, மின்விசிறி சுழலட்டும்.
அறையின் சூடு முதலில் சமையலறை வெந்நீருக்கு,
மிச்சம் இருந்தால் மண்ணுக்கு.
இரவில் காற்று சற்று இறங்கும் மணிகளில்
மாடியிலுள்ள குளிர்கோபுரம் ஓடட்டும்.
பதின்மூன்று துளைகள் ஒரு முழு வருஷம்
மூடியே கிடக்கட்டும்.

மூடினால் வீண்தானே என்றார்.
தரிசு போடுவதற்கு இந்திச் சொல்
வாயில் வரவில்லை.
லீவு, என்றேன் கடைசியில்.
எங்களுக்கே ஞாயிறு கிடைப்பதில்லை என்று
கதவருகில் நின்ற இர்ஷாத் முணுமுணுத்தான்.

என் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம்.
துளைகளின் ஆயுள் ஐம்பது என்று
கோப்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.
நாற்பத்தொன்றாம் வருஷம் இங்கே வெந்நீருக்கு
வாளியோடு நிற்கப்போகிறவள்
இன்னும் பிறக்கவில்லை.
அவள் பெயரில்தான் பற்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பாதி ஒப்புக்கொண்டார் பக்ஷி.
இருபத்துநாலு டிகிரி. ஏழு துளைகள்.
பதினேழாவதின் வால்வை நானே திருகி மூடினேன்.

ஜூனில் 29.3.
ஜூலையில் 29.3.
ஆகஸ்டில் மழை, போய்ப் பார்க்கவில்லை.
செப்டம்பரில் 29.2.

புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒன்று.
இதற்காகவா என்று சிரித்தான் இர்ஷாத்.
தேதியோடு எழுதிக்கொண்டேன்.
அப்போது யாரோ ஓங்கி அடித்த இறகுப்பந்து
இரும்பு மூடியின் மேல் வந்து விழுந்தது.
எடுத்துக் கொடுத்துவிட்டு
பதினெட்டாவதைப் பார்க்கப் போனேன்.
அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
30.1.