நாற்பது சொல்லுக்குத்தான் இடம்

அருங்காட்சியக விவரச் சீட்டில்
நாற்பது சொல்லுக்குத்தான் இடம்.
முப்பத்தொன்பதாவதில் நிற்கிறேன்,
இன்னும் குழந்தை வரவில்லை.

பொருள்: பால்புட்டி. அச்சில் ஊதிய கண்ணாடி.
ஆமை முதுகுபோல் தட்டை,
தொட்டிலில் பிள்ளையின் விலாவோரம்
உருளாமல் கிடப்பதற்கு.
வயிற்றில் புடைத்த எழுத்து: 'தாயின் தோழி'.
கிடைத்த இடம்: பர்ன்லி,
கால்வாய்க்குப் பின்னால் பழைய சாம்பல் மேடு.

கெசையா தார்ன்பரை
ஒரு சுகாதார அதிகாரியின் குறிப்பேட்டில் சந்தித்தேன்.
நான்கு தறி. ஐந்தரைக்குச் சங்கு.
பால் கட்டிய மார்போடு
பஞ்சுத் தூசியில் நின்று
அறுந்த இழைக்கெல்லாம் ஓடி முடிச்சிடுவாள்.
வீட்டில் ஏழு வயது டாமர்
தம்பி ஜேபெஸின் வாயில் ரப்பர் குழாயைச் செருகிவிட்டு
வாசற்படியைக் கல்லால் தேய்ப்பாள்.
முழ நீளக் குழாய்.
அழுகை வரும் வழியில் பால் போனது.
சமர்த்துப் பிள்ளை என்றது தெரு.

கடையில் கொடுத்த துண்டுத்தாள்
காம்பைக் கழற்றாதீர், பத்து நாள் தாங்கும் என்றது.
அவள் அதற்கு மேலேயே செய்தாள்.
இரவுதோறும் சோடா உப்பும் வெந்நீரும்.
விளக்கருகே புட்டியைத் தூக்கிப் பார்ப்பாள்,
பளிச்சென்றிருக்கும்.
கண்ணாடி பொய் சொல்லவில்லை.
கேட்டதற்குப் பதில் சொன்னது.
குழாயை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஐந்து நாள் வயிற்றுப்போக்கு.
எட்டு மாதம் என்று எழுதி
அடித்து
ஏழு என்று திருத்தியிருக்கிறார்கள்.

புட்டியை இரண்டு பென்னிக்கு
அடுத்த வீட்டு ஹாரியட் பில்லிங் வாங்கிக்கொண்டாள்,
அதே குழாயோடு.
அவள் மகள் பிழைத்தாள்.
ஏன் என்று அதிகாரிக்கும் தெரியவில்லை,
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார்.

மறு கோடையில் அவர் வீடு வீடாக வந்தார்.
ஹாரியட்டின் சமையல் மேசையில்
பெண்களைக் கூட்டிவைத்து
பேனாக்கத்தியால் குழாயை நீளவாக்கில் கீறினார்.
உள்ளே சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று,
ஒரு வருடம்.
நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்தார்கள்.
மேசைக்கடியில் பில்லிங் குழந்தை
கொழுகொழுவென்று தவழ்ந்துகொண்டிருந்தது.

குறிப்பேட்டின் கடைசி வரி:
'ஒரு பெண் எதுவும் பேசாமல்
புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.'

பெயர் போடவில்லை. எனக்கு அது கெசையாதான்.
கீறிய குழாயை மேசையிலேயே விட்டுவிட்டு
குற்றமில்லாததை எடுத்துப் போயிருக்கிறாள்,
சாம்பல் மேட்டில் ஓங்கி வீச.
சாம்பல் மெத்தென்று வாங்கிக்கொண்டது.

ரப்பர் எப்போதோ மக்கிவிட்டது.
சாட்சி மட்டும் என் மேசையில்
விளக்கைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.
தூக்கிப் பார்க்கிறேன், அவளைப்போலவே.
ஒரு கீறல் இல்லை.

நாற்பதாவது சொல்
'நிலை' என்ற கட்டத்துக்கு ஒதுக்கியது.
வேறெதையும் அதில் எழுத விடமாட்டார்கள்.

நன்று.