பதினேழு, மேலிருந்து கீழ்

நமக்கு லீவ் என்றால்
காய்ச்சல் என்று எழுதிய கடிதம்,
மழை பிடித்த திங்கட்கிழமை.
கிரிம்ஸ்பியில் அந்தச் சொல்லுக்கு
ஒரு நாளும் லீவ் கிடையாது.

ஏழு பத்துக்குப் பேருந்து லீவ் ஆகும்: கிளம்பும்.
ஒன்பதில் நான்கு போனால் ஐந்தை லீவ் செய்யும்: மிச்சம் வைக்கும்.
பால்காரருக்குச் சீட்டு: இரண்டு புட்டி, வாசலில் லீவ்.
ஆளில்லாத தொலைபேசி: ஒலி கேட்டபின் செய்தியை லீவ்.
கடைசியில் புட்டிங் வரும்,
வயிற்றில் கொஞ்சம் இடம் லீவ்.
நடைபாதையில் செத்த கடற்காகத்தை
முகரப் போகும் நாய்க்கு, அதட்டி:
லீவ் இட்!

போவதும் அதுவே.
போகாமல் இருக்க வைப்பதும் அதுவே.

மார்ஜரி ஸ்டெய்ன்டனுக்கு எழுபத்து மூன்று.
மீன் ஆலையில் இருபத்தாறு வருடம்
ஹாடக்கின் முள் எடுத்தவள்.
இப்போது குறுக்கெழுத்தில் முள் தேடுகிறாள்,
பேனாவால்.
பென்சில்காரர்களை அவள் நம்புவதில்லை.

எண்பத்தொன்பதில், ஒரு செவ்வாய் இரவு,
டெஸ்மண்ட் அவளை லீவ் செய்தான்.
அவளுக்கு லீவ் செய்தவை வேறு:
சவரப் பிரஷ்,
கூண்டில் ஒரு ஜோடிப் புறா,
கடன் பாக்கி பதினொரு தவணை,
அணைக்காத கழிவறை விளக்கு.
அவளை விட்டுப் போனான்.
அவளுக்கு விட்டுப் போனான்.
இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் நடுவே
ஒருத்தி முப்பத்து நான்கு வருடம்
குடியிருக்கலாம்.

ஆலையில் பெவர்லி எல்லாரிடமும் சொன்னாள்,
அவளைத் தனியே லீவ் செய்யுங்கள் என்று.
தொந்தரவு செய்யாதீர்கள் என்று பொருள்.
தனியாகவே விட்டார்கள்.
சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஊர்.

போன மாதம் வக்கீல் அலுவலகம்.
குமாஸ்தா க்ரெய்க், தாடையில் புதிய சவர வெட்டு,
உயிலை உரக்கப் படித்தான்:
"நான் லீவ் செய்த என் மனைவி மார்ஜரிக்கு
ஹம்பர்ஸ்டன் கடலோரத்து மரவீட்டை
லீவ் செய்கிறேன்."
எழுத்துப் பிழையோ என்று கண்ணாடியைத் துடைத்தான்.
அவள் சிரித்தாள்.
சிரிப்பு இருமலாகி, தண்ணீர் வந்து,
குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.
கூட வாழ்ந்த பதினாறு வருடத்தில்
ஒரு வேடிக்கைப் பேச்சு பேசாத மனுஷன்,
செத்தபிறகு சிலேடை.

நூலகத்தில் தடித்த அகராதியைக் கேட்டு வாங்கினாள்.
பழைய பொருள்: இருக்க விடு, மிஞ்ச வை.
போவது என்பது
பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.
மரத்து இலைகளுக்கும் இதே ஒலிதான்,
ஆனால் ரத்த உறவு இல்லையாம்.
அது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

எங்கள் இலக்கண வகுப்பில்
கெடு நீண்டால் கேடு,
சுடு நீண்டால் சூடு,
விடு நீண்டால் வீடு.
நான்கு மதிப்பெண்ணுக்கு நெட்டுருப் போட்டது.
அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.
க்ரெய்க் படித்து முடிக்கும்வரை
எனக்கும் அது தெரியாது என்பதையும்.

ஞாயிற்றுக்கிழமை சாவியோடு போனாள்.
கூரை ஒழுகியது.
நிலவாடகை இரண்டு வருடம் பாக்கி,
அதையும் லீவ் செய்திருந்தான்.
ஒரே நாற்காலி.
ஒரு கோப்பை, அடியில் காய்ந்த தேநீர் வளையம்.
ஜன்னலோரம் மடித்த செய்தித்தாளில்
பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.
பென்சில்.
பதினேழு, மேலிருந்து கீழ்:
கிளம்பு; கிளம்பாமல் வை. ஐந்து எழுத்து.
கட்டங்கள் காலி.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.
அழித்த தடம்போல் ஏதோ,
ஈரமாகவும் இருக்கலாம்.

கட்டிலடியிலிருந்து நாய்
ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது.
இடதுகால்.
அந்த இரண்டு சொல்லும்
நாக்கு நுனிவரை வந்தன.

சொல்லாமல் விட்டாள்.
நாய் கடித்துக்கொண்டிருந்தது.